டாங்கிக்கு யார் விலை வைக்கிறார்கள்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய வீடுகளில், முதல் மாதம் முடிவதற்குள் ஏதாவது ஒரு ஆன்லைன் கேம் டவுன்லோட் ஆகிவிடும். டாங்கி, போர் விமானம் போன்ற வாகனங்களை ஓட்டிச் சண்டையிடும் கேம்களுக்கு இதில் தனி இடம் உண்டு. இவை இலவசமாகக் கிடைக்கின்றன. அக்கவுண்ட் திறந்த சில நிமிடங்களில் விளையாட ஆரம்பித்துவிடலாம்.

பத்து நாட்கள் கழித்துத்தான் கேள்விகள் எழும். "இலவசம் என்றுதானே சொன்னார்கள்? பிறகு எதற்குத் தங்கம் வாங்கச் சொல்கிறது?" "நன்றாகத்தான் சண்டை போட்டேன். ஆனாலும் இருந்த பணம் குறைந்துவிட்டதே, ஏன்?" "பக்கத்து வீட்டுப் பையன் வைத்திருக்கும் டாங்கி என்னுடையதைவிட விலை அதிகம். அப்படியென்றால் அவன்தான் எப்போதும் ஜெயிப்பானா?"

இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் ஒரே இடத்தில்தான் இருக்கிறது. அது கேமின் உள்ளே இருக்கும் விலைப் பட்டியல். இத்தகைய கேம்களைப் பல ஆண்டுகளாக விளையாடி வருகிறேன். சண்டையைப் போலவே இந்த விலைப் பட்டியலும் எனக்குச் சுவாரஸ்யமான விஷயம். ஒரு டாங்கிக்கு இவ்வளவு, ஒரு குண்டுக்கு இவ்வளவு என்று யார், எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? அதில் தவறு நேர்ந்தால் என்ன ஆகும்? இதைத் தெரிந்துகொண்டால் கேமில் உங்கள் பணமும் மிஞ்சும், வீட்டில் உங்கள் பணமும் மிஞ்சும்.

முதலில் அடிப்படை

உதாரணத்திற்கு வேர்ல்ட் ஆஃப் டாங்ஸ் என்ற கேமை எடுத்துக்கொள்வோம். பெலாரஸ் நாட்டின் மின்ஸ்க் நகரில் தொடங்கப்பட்ட வார்கேமிங் நிறுவனம் இதை உருவாக்கியது. 2010 ஆகஸ்டில் ரஷ்யாவிலும், 2011 ஏப்ரலில் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் வெளியானது. ஒரு பக்கம் 15 பேர், எதிர்ப்பக்கம் 15 பேர் என்று இரண்டு அணிகள் மோதும்.

இதில் டாங்கிகள் படிகளாகப் பிரிக்கப்பட்டுள்ளன. இந்தப் படியை டியர் என்பார்கள். சண்டை போடப் போட இரண்டு விஷயங்கள் சேரும். ஒன்று அனுபவப் புள்ளி. அடுத்த டாங்கியைத் திறப்பதற்கு இது வேண்டும். இன்னொன்று கிரெடிட். திறந்த டாங்கியை வாங்க, ரிப்பேர் செய்ய, குண்டு வாங்க இது வேண்டும். இவை இரண்டும் விளையாடினாலே கிடைக்கும். மூன்றாவதாகத் தங்கம் ஒன்று உண்டு. அதைப் பெரும்பாலும் நிஜப் பணம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

10ஆம் டியர் டாங்கி ஒன்றின் விலை 61 லட்சம் கிரெடிட். தங்கத்தைக் கிரெடிட்டாக மாற்றினால் ஒரு தங்கத்திற்கு 400 கிரெடிட் தருவார்கள். அதாவது விளையாடிச் சம்பாதிக்காமல் தங்கத்தை மாற்றியே அந்த டாங்கியை வாங்குவது என்றால் 15,250 தங்கம் தேவைப்படும். தங்கத்தை விற்கும் பக்கத்தில் இதற்கு எத்தனை ரூபாய் ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பாருங்கள். இது இலவச கேம்தானா என்ற சந்தேகம் உங்களுக்கே வந்துவிடும்.

விலை என்பது எதற்கு?

இணையம் வருவதற்கு முன்பே இந்தப் பிரச்சினைக்கு ஒரு நல்ல தீர்வு இருந்தது. 1980களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் ஸ்டீவ் ஜாக்சன் கேம்ஸ் நிறுவனம் கார் வார்ஸ் என்ற விளையாட்டை வெளியிட்டது. கம்ப்யூட்டர் வேண்டாம். காகிதக் கார்கள், பகடை, ஒரு விதிப் புத்தகம், அவ்வளவுதான். ஆளுக்கு ஒரு கார் வடிவமைத்து, அதில் ஆயுதம் பொருத்தி மோத வேண்டும்.

அதில் போட்டிகளைப் பணத்தை வைத்துப் பிரித்தார்கள். 5,000 டாலர் பிரிவு, 10,000 டாலர் பிரிவு, 15,000 டாலர் பிரிவு என்று. 10,000 டாலர் பிரிவில் விளையாடினால் எல்லோருக்கும் 10,000 டாலர்தான். மெஷின் கன் விலை 1,000 டாலர். லேசர் 8,000 டாலர். லேசர் வாங்கினால் பயங்கரமான ஆயுதம் கையில் இருக்கும். ஆனால் மீதி 2,000 டாலரில் காரின் உடல், எஞ்சின், டயர், கவசம் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். அது தகர டப்பாவில் பீரங்கி வைத்த மாதிரிதான் இருக்கும்.

இங்கே விலை மிக நேர்மையாக வேலை செய்கிறது. ஒன்றை அதிகம் எடுத்தால் இன்னொன்றை இழக்க வேண்டும். இது நடப்பதற்குக் காரணம், எல்லோருடைய பையிலும் ஒரே அளவு பணம் இருப்பதுதான். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் எல்லாப் பிரச்சினைகளுக்கும் வேர் இங்கேதான் இருக்கிறது.

ஆன்லைனில் என்ன மாறுகிறது?

ஆன்லைன் கேமில் எல்லோர் பையிலும் ஒரே பணம் இருப்பதில்லை. இன்று சேர்ந்தவரிடம் சில ஆயிரம் கிரெடிட் இருக்கும். ஐந்து வருடமாக விளையாடுபவரிடம் கோடிக்கணக்கில் இருக்கும். 61 லட்சம் என்பது உங்களுக்கு மலை, அவருக்குக் கடுகு. எனவே, 'நல்ல டாங்கிக்கு விலையை ஏற்றிவிட்டால் எல்லாம் சமமாகிவிடும்' என்பது இங்கே நடக்காது. பழைய பிளேயர் நல்லதை வாங்கி வைத்துக்கொண்டு புதியவரை அடிப்பார்.

இதை உணர்ந்துதான் இந்த கேம்களில் இரண்டு எண்களைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். ஒன்று கடையில் உள்ள விலை. இன்னொன்று போர்க்களத்தில் யார் யாரோடு மோதலாம் என்று தீர்மானிக்கும் எண். வேர்ல்ட் ஆஃப் டாங்ஸில் அது டியர். கைஜின் நிறுவனத்தின் வார் தண்டர் கேமில் அதை பேட்டில் ரேட்டிங் என்பார்கள். 1.0 என்று தொடங்கி 1.3, 1.7, 2.0 எனச் சிறு சிறு படிகளாக ஏறும் எண் இது. அருகருகே உள்ள எண்களைக் கொண்ட வாகனங்களைத்தான் சர்வர் ஒரே சண்டையில் சேர்க்கும்.

பேட்டில்டெக் என்ற பழைய போர்டு கேம் இதே பாடத்தைக் கற்றது. 1984ல் வெளியான அந்த விளையாட்டில் ராட்சத இயந்திர மனிதர்கள் மோதும். அதில் எக்ஸ்எல் எஞ்சின் என்று ஒன்று உண்டு. சாதாரண எஞ்சினில் பாதி எடைதான், ஆனால் விலை 4 மடங்கு. எடை குறைவதால் கூடுதல் ஆயுதம் ஏற்றலாம். ஆனால் அந்த எஞ்சின் உடலின் இரு பக்கங்களுக்கும் பரவியிருப்பதால் பக்கவாட்டில் அடிபட்டால் சுலபமாக வீழ்ந்துவிடும். விலை 4 மடங்கு என்பதால் பலமும் 4 மடங்கு ஆகிவிடவில்லை. எனவே பண விலையை அப்படியே விட்டுவிட்டு, சண்டைக்கென்று 'போர் மதிப்பு' என்ற தனி எண்ணைப் பின்னாளில் கொண்டுவந்தார்கள்.

ஆகவே முதல் பாடம்: விலை அதிகமான வாகனம் என்றால் அதைப் பெற அதிக நேரம் ஆகும் என்று மட்டும்தான் அர்த்தம். அது உங்களை அடித்து நொறுக்கும் என்று அர்த்தமில்லை. சர்வர் உங்கள் இருவரையும் ஒரே களத்தில் சேர்க்கிறதா என்பதைப் பொறுத்தது அது.

ஜெயித்தும் நஷ்டம் ஏன்?

இப்போது பலரைக் குழப்பும் விஷயத்திற்கு வருவோம். டாங்கியை ஒருமுறைதான் வாங்குகிறோம். ஆனால் ஒவ்வொரு சண்டைக்குப் பிறகும் ரிப்பேர் செலவு, குண்டுச் செலவு என்று கழிக்கிறார்கள். டியர் ஏற ஏற இந்தச் செலவும் ஏறும்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். இந்த எண்கள் புரிவதற்காக நான் எடுத்துக்கொண்டவை. கேமில் உள்ள சரியான தொகைகள் அல்ல.

5ஆம் டியர் டாங்கியில் ஒரு சண்டையில் 20,000 கிரெடிட் சம்பாதிக்கிறீர்கள். ரிப்பேர் 4,000. 20 குண்டு, ஒன்று 100 வீதம் 2,000. மிச்சம் 14,000.

10ஆம் டியர் டாங்கியில் 32,000 சம்பாதிக்கிறீர்கள். ரிப்பேர் 20,000. 15 குண்டு, ஒன்று 1,000 வீதம் 15,000. மொத்தச் செலவு 35,000. அதாவது 3,000 நஷ்டம்!

வருமானம் அதிகம், ஆனால் மிச்சம் இல்லை. பெரிய கார் வாங்கியவர் பெட்ரோல் போட முடியாமல் தவிப்பது போலத்தான் இதுவும்.

ஏன் இப்படி வைக்கிறார்கள்? பலர் நினைப்பது போல இது வெறும் பணம் பிடுங்கும் தந்திரம் மட்டும் அல்ல. ஒவ்வொரு சண்டையிலும் 30 பேருக்குப் புதிதாகக் கிரெடிட் பிறக்கிறது. குழாயைத் திறந்து வைத்துவிட்டு வடிகாலை அடைத்தால் தொட்டி நிரம்பி வழியும். எல்லோரிடமும் எல்லையில்லாப் பணம் சேரும். பிறகு எல்லோரும் 10ஆம் டியரிலேயே உட்கார்ந்துகொள்வார்கள். கீழ் டியர்கள் காலியாகும். நேற்று கேம் இன்ஸ்டால் செய்த புதியவருக்குச் சண்டையிட ஆளே கிடைக்காது. உயர்ந்த டியரில் செலவை ஏற்றி வைத்தால், பழைய பிளேயர்களும் பணம் சேர்க்க அவ்வப்போது 5, 6ஆம் டியருக்கு இறங்கி வருவார்கள். கேம் எல்லாப் படிகளிலும் உயிரோடு இருக்கும்.

ஆக, ரிப்பேர் செலவு என்ற வடிகால் புதியவருக்கும் ஒரு வகையில் நன்மைதான். அந்த வடிகாலின் அளவைக் கேம் நிறுவனமே தீர்மானிக்கிறது என்பதுதான் சிக்கல்.

மழையும் அவர்கள் கையில், குடையும் அவர்கள் கடையில்

நிஜப் பணத்திற்கு விற்கப்படும் பிரீமியம் அக்கவுண்ட் என்ற வசதியைப் பாருங்கள். வேர்ல்ட் ஆஃப் டாங்ஸில் அது சண்டை வருமானத்தை 50 சதவீதம் கூட்டித் தரும். 50 சதவீதம்தானே என்று தோன்றும். மேலே போட்ட கணக்கில் வைத்துப் பாருங்கள்.

10ஆம் டியரில் 32,000 என்பது 48,000 ஆகும். செலவு மாறாது, அதே 35,000. 3,000 நஷ்டம் என்பது 13,000 லாபமாக மாறிவிடுகிறது. 5ஆம் டியரில் 20,000 என்பது 30,000 ஆகிறது. மிச்சம் 14,000லிருந்து 24,000 ஆகிறது.

கவனித்தீர்களா? கூடுதல் 50 சதவீதம் கணக்கிடப்படுவது செலவைக் கழிப்பதற்கு முன்னால். எனவே செலவு எங்கே அதிகமோ அங்கேதான் பிரீமியத்தின் மவுசும் அதிகம். ரிப்பேர் செலவைக் கொஞ்சம் ஏற்றினால் போதும். பிரீமியத்தின் விலையைத் தொடாமலேயே அதன் தேவையை உயர்த்திவிடலாம். இதை எல்லா நிறுவனங்களும் வேண்டுமென்றே செய்கின்றன என்று நான் சொல்ல வரவில்லை. செய்ய முடியும் என்பதைத் தெரிந்துகொண்டு கடைக்குள் நுழையுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

நல்ல வாகனத்திற்கு அபராதமா?

ரிப்பேர் செலவை வைத்தே பலத்தைச் சமன் செய்யலாம் என்ற யோசனையும் உண்டு. ஒரு வாகனம் களத்தில் அதிகமாக ஜெயிக்கிறதா? அதன் ரிப்பேர் செலவை ஏற்று. ஒன்று தோற்றுக்கொண்டே இருக்கிறதா? குறை. சர்வரில் எல்லாப் புள்ளிவிவரமும் இருக்கிறதே, சுலபம்தானே என்று தோன்றும். வார் தண்டரில் பல ஆண்டுகள் ரிப்பேர் செலவு இந்தப் பாதையில்தான் போனது.

இதில் ஒரு பொறி இருக்கிறது. இரண்டு விமானங்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். பலத்தில் இரண்டும் சமம். முதலாவது ஓட்டுவதற்குக் கடினம். எனவே அனுபவசாலிகள் மட்டுமே அதை எடுக்கிறார்கள். சண்டைக்குச் சராசரியாக 2 எதிரிகளை வீழ்த்துகிறார்கள். இரண்டாவது பார்க்க அழகு, கடையில் முதலில் கண்ணில் படுவது. புதியவர்கள் எல்லோரும் அதைத்தான் வாங்குகிறார்கள். இரண்டு சண்டைக்கு ஒரு எதிரியை வீழ்த்துகிறார்கள். புள்ளிவிவரம் என்ன சொல்லும்? முதல் விமானம் 4 மடங்கு பலசாலி என்று சொல்லும். பலசாலி விமானம் அல்ல, அதை ஓட்டுகிற ஆள்!

அதை நம்பி முதல் விமானத்தின் ரிப்பேர் செலவை ஏற்றினால், சுமாரான பிளேயர்கள் அதைத் தொடவே பயப்படுவார்கள். மிகத் தேர்ந்தவர்கள் மட்டும் மிஞ்சுவார்கள். சராசரி இன்னும் ஏறும். செலவு இன்னும் ஏறும். சுழலில் மாட்டிய படகு மாதிரி அது சுற்றிக்கொண்டே இருக்கும். இதற்குச் சரியான வழி, ஒரே பிளேயர் வெவ்வேறு வாகனங்களில் எப்படி விளையாடுகிறார் என்று ஒப்பிடுவது. அதே ஆள் இந்த விமானத்தில் ஏறியதும் நன்றாக விளையாடுகிறார் என்றால்தான் விமானத்தில் விஷயம் இருக்கிறது என்று பொருள்.

இன்னொரு தீமையும் உண்டு. ரிப்பேர் செலவு ஒரு எல்லைக்கு மேல் போனால் பிளேயர்கள் விளையாடும் விதமே மாறிவிடும். கவசம் தடிமனான டாங்கி முன்னால் போய் அடி வாங்க வேண்டும். ஆனால் ரிப்பேர் பில்லை நினைத்துப் பயந்து, அதன் உரிமையாளர் புதருக்குப் பின்னால் பதுங்குவார். முதல் வாகனம் போனதும் சண்டையை விட்டே கிளம்பிவிடுபவர்களும் உண்டு. பாதிக்கப்படுவது அவருடைய அணியில் இருக்கும் மற்றவர்கள். நீங்களும் அதில் ஒருவராக இருக்கலாம்.

மெக்வாரியர் ஆன்லைன் என்ற கேமிலும் முதலில் ரிப்பேர் செலவும் குண்டு நிரப்பும் செலவும் இருந்தன. 2012 இறுதியில் அந்த முறையையே எடுத்துவிட்டார்கள். சண்டை முடிந்தால் வருமானம் மட்டும்தான், கழிவு கிடையாது என்று ஆனது.

வார் தண்டரில் விஷயம் இன்னும் சூடாகப் போனது. 2023 மே மாதம் கைஜின் நிறுவனம் கேமின் பொருளாதாரத்தில் சில மாற்றங்களை அறிவித்தது. ஏற்கெனவே ரிப்பேர் செலவாலும் மெதுவான முன்னேற்றத்தாலும் வெறுத்துப் போயிருந்த பிளேயர்கள் கொதித்துவிட்டார்கள். ஸ்டீம் தளத்தில் எதிர்மறை விமர்சனங்கள் வெள்ளமாகக் குவிந்தன. நிறுவனம் அந்த மாற்றங்களைக் கைவிட்டது. ஜூன் மாதம், ரிப்பேர் சுமையைக் குறைப்பது, புதிய வாகனங்களைத் திறப்பதை விரைவாக்குவது உள்ளிட்ட ஒரு செயல்திட்டத்தை வெளியிட்டு, அதன்படி மாற்றங்களைக் கொண்டுவந்தது. கேமில் உள்ள வெள்ளிக்காசு நிஜப் பணம் இல்லைதான். ஆனால் அதைச் சேர்க்கச் செலவான மாலை நேரங்கள் நிஜம். மக்கள் கோபப்பட்டது அந்த நேரத்திற்காகத்தான்.

தங்கக் குண்டின் கதை

விலையால் மட்டும் சமன் செய்ய முடியாது என்பதற்கு இன்னொரு நல்ல உதாரணம் வேர்ல்ட் ஆஃப் டாங்ஸின் சிறப்புக் குண்டுகள். சாதாரணக் குண்டைவிட இவை பொதுவாகத் தடிமனான கவசத்தைத் துளைக்கும். தொடக்கத்தில் இவற்றைத் தங்கம் கொடுத்துத்தான் வாங்க முடியும். எனவே பிளேயர்கள் இதைத் தங்கக் குண்டு என்றே அழைத்தார்கள். பணம் உள்ளவர் கவசத்தைத் துளைப்பார், இல்லாதவர் சுவரில் கல்லெறிவார் என்ற நிலை. இது நியாயமில்லை என்ற குரல் எழுந்தது.

2012ல் இவற்றைக் கிரெடிட் கொடுத்தும் வாங்கலாம் என்று மாற்றினார்கள். 2013ல், சண்டையின் முடிவைப் பாதிக்கும் எதையும் நிஜப் பணத்திற்கு மட்டும் விற்பதில்லை என்ற கொள்கையையும் வார்கேமிங் அறிவித்தது. நல்ல முடிவு. ஆனால் ஒரு பக்க விளைவு வந்தது. சிறப்புக் குண்டின் விலை சாதாரணக் குண்டைப் போலப் பல மடங்கு. விலை அதிகம் என்பதால் கொஞ்சமாகத்தான் பயன்படுத்துவார்கள் என்பதுதான் கணக்கு. ஆனால் கிரெடிட் மலைபோல் குவித்து வைத்திருந்தவர்களுக்கு அந்த விலை உறைக்கவே இல்லை. தடிமனான கவசத்தை நம்பி, மெதுவாக நகரும் கனமான டாங்கிகளை ஓட்டியவர்கள் பாடு திண்டாட்டம் ஆனது.

இதற்கு மாற்று என்ன? சிறப்புக் குண்டு நன்றாகத் துளைக்கட்டும், ஆனால் உள்ளே போய்க் குறைவான சேதம் செய்யட்டும் என்று வைத்தால், எதைப் போடுவது என்று பிளேயர் ஒவ்வொரு முறையும் யோசிக்க வேண்டிவரும். 2019ல் வார்கேமிங் இந்தத் திசையில் தனி சர்வரில் சோதனை செய்து பார்த்தது. ஆனால் அதை முக்கிய கேமுக்குக் கொண்டுவரவில்லை.

கார் வார்ஸின் லேசரை இப்போது நினைத்துப் பாருங்கள். அங்கே லேசரை எடுத்தவர் கவசத்தை இழந்தார். இங்கே சிறப்புக் குண்டைப் போடுபவர் சண்டைக்குள் எதையும் இழக்கவில்லை. சண்டைக்கு வெளியே, கஜானாவில்தான் கொஞ்சம் குறைகிறது. ஒரு ஆயுதத்தின் பலத்திற்குச் சரியான விலை, அதே சண்டையில் அதன் உரிமையாளர் கொடுக்கும் விலைதான்.

சந்தையே விலை வைத்தால்?

"நிறுவனம் எதற்கு? எல்லோரும் வாங்குவது விலை ஏறட்டும், யாரும் வாங்காதது இறங்கட்டும். காய்கறிச் சந்தை மாதிரி விட்டுவிடலாமே?" என்று சிலர் கேட்கலாம். இதையும் ஒருவர் செய்து பார்த்துவிட்டார்.

2006 அக்டோபரில் வால்வ் நிறுவனம் கவுண்டர் ஸ்டிரைக் சோர்ஸ் கேமில் இந்த முறையைக் கொண்டுவந்தது. அது வாகன கேம் அல்ல, துப்பாக்கிச் சண்டை. ஆனால் பாடம் ஒன்றுதான். கடந்த வாரம் உலகம் முழுவதும் எந்தத் துப்பாக்கி எவ்வளவு வாங்கப்பட்டது என்பதைக் கணக்கிட்டு, வாரம் ஒருமுறை விலையைத் தானாக மாற்றினார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அதிகம் பேர் வாங்குவதும், அதிகப் பலம் உள்ளதும் ஒன்றல்ல. எல்லோருக்கும் பிடித்த துப்பாக்கி, பிடித்திருக்கிறது என்பதற்காகவே விலை ஏறியது. முதல் சுற்றில் என்ன வாங்குவது, இரண்டாம் சுற்றுக்கு எவ்வளவு மிச்சம் வைப்பது என்று விலைகளை மனப்பாடம் செய்து திட்டமிட்ட அணிகளுக்கு, வாராவாரம் விலை மாறினால் என்ன ஆகும்? இந்த வசதியை சர்வர் நடத்துபவர் நிறுத்தி வைக்கலாம் என்பதால் பலர் நிறுத்திவிட்டார்கள். பின்னர் 2012லும் 2023லும் வந்த புதிய கவுண்டர் ஸ்டிரைக் கேம்கள் நிலையான விலைக்கே திரும்பிவிட்டன. தேவைப்படும்போது நிறுவனமே யோசித்துக் கையால் மாற்றுகிறது.

என்னைக் கேட்டால், நல்ல விலைப் பட்டியலுக்கு மூன்று அடையாளங்கள் உண்டு. ஒன்று, சுமாராக விளையாடுபவரும் ஒரு மணி நேரம் விளையாடிவிட்டு எழும்போது கொஞ்சமாவது மிச்சத்தோடு எழ வேண்டும். இரண்டு, பலமான ஆயுதத்திற்குக் கடையில் மட்டும் அல்லாமல் களத்திலும் ஒரு பலவீனம் இருக்க வேண்டும். மூன்று, விலை மாறினால் ஏன் மாறியது என்று சொல்ல வேண்டும். நீங்கள் எந்த கேமைத் தொடங்கினாலும் இந்த மூன்றையும் பொருத்திப் பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டியது

* வேர்ல்ட் ஆஃப் டாங்ஸில் சண்டை முடிந்ததும் வரும் அறிக்கையில் விரிவான பக்கத்தைத் திறந்து பாருங்கள். வருமானம், ரிப்பேர், குண்டு என்று தனித்தனியாக இருக்கும். எங்கே பணம் போகிறது என்பது ஒரு வாரத்தில் விளங்கிவிடும்.

* குண்டுகளைத் தானாக நிரப்பும் கட்டத்தில் டிக் செய்திருந்தால், சிறப்புக் குண்டுகளும் ஒவ்வொரு முறையும் தானாக வாங்கப்படும். எத்தனை வேண்டுமோ அத்தனையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

* மேல் டியருக்கு ஓடாதீர்கள். 5 அல்லது 6ஆம் டியரில் உங்களுக்குக் கைவந்த ஒரு டாங்கியைச் சம்பாதிக்கும் வண்டியாக வைத்துக்கொள்ளுங்கள். வரைபடங்களும் பழகும், பணமும் சேரும்.

* பழைய டாங்கியை விற்றால் பாதி விலைதான் கிடைக்கும். 61 லட்சத்திற்கு வாங்கியதை விற்றால் 30 லட்சத்து 50 ஆயிரம் போய்விடும். கேமில் அவ்வப்போது விலைச் சலுகைகள் வரும். வாங்குவதை அதற்காகத் தள்ளிப் போடலாம்.

* கையில் 61 லட்சம் சேர்ந்ததும் வாங்கிவிடாதீர்கள். குண்டு, உதிரிக் கருவிகள், முதல் சில சண்டைகளின் நஷ்டம் இவற்றுக்கும் ஒதுக்கிய பிறகு வாங்குங்கள்.

* பிரீமியம் அக்கவுண்ட் காலண்டர் நாட்களின்படி ஓடும். நீங்கள் விளையாடிய மணி நேரத்தின்படி அல்ல. பரீட்சை மாதத்தில் 30 நாள் பிரீமியம் வாங்குவது, ஊருக்குப் போகும்போது பேப்பர்காரருக்கு முன்பணம் கொடுப்பது போல.

* எந்தத் தங்க விலையைப் பார்த்தாலும் மனதிற்குள் ரூபாயாக மாற்றுங்கள். தங்கம், கழுகு, சிங்கம் என்று காசுக்குப் பெயர் வைப்பதில் ஒரு வசதி அவர்களுக்கு இருக்கிறது. ரூபாய் கண்ணில் படாவிட்டால் கை தாராளமாகிவிடும்.

* குழந்தைகள் விளையாடும் கம்ப்யூட்டரில் கார்டு விவரங்களைச் சேமித்து வைக்க வேண்டாம். சேமிக்கட்டுமா என்று பிரவுசர் கேட்டாலும் வேண்டாம் என்பதைக் கிளிக் செய்யுங்கள். பணம் செலுத்தும்போது பெரியவர் யாராவது பக்கத்தில் இருப்பது நல்லது.

* இத்தகைய கேம்கள் ஹார்ட் டிஸ்க்கில் பல பத்து ஜிபி இடம் பிடிக்கும். வேர்ல்ட் ஆஃப் டாங்ஸில் சாதாரணப் படத்தரம் கொண்ட சிறிய பதிப்பைத் தேர்வு செய்யும் வசதி உண்டு. தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத கம்ப்யூட்டருக்கு அதுவே போதும். டவுன்லோடும் சீக்கிரம் முடியும்.

வீட்டில் பிள்ளைகள் விளையாடுகிறார்கள் என்றால், இந்த வாரம் அவர்களோடு உட்கார்ந்து ஒரு சண்டையின் வரவு செலவைத் தாளில் எழுதிப் பாருங்கள். சதவீதம், லாபம், நஷ்டம் எல்லாம் அதில் இருக்கிறது. கணக்குப் பாடத்தில் கொட்டாவி விடும் பிள்ளைகூட, தன் டாங்கியின் கணக்கு என்றால் பென்சிலை எடுத்துக்கொண்டு வருவான்.